செங்குதிரைக்காரனின் முகம்

குதிரையின் பின்பக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கிவிடும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. போன மாதம் திருத்தணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கென்று எங்கிருந்தோ ஒரு குதிரையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மண்டபத்து வாசலில் அது எனக்கு முதுகைக் காட்டி நின்றது. நல்ல செந்நிறம். வாலில் ஜிகினா காகிதம் சுற்றியிருந்தார்கள். நான் கையில் காபி டம்ளருடன் அதன் பின்னால் போய் நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. "தாத்தா, ஒதைக்கப் போவுது, இந்தாண்ட வாங்க" என்று யாரோ ஒரு பெண் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். காபி ஆறிப்போயிருந்தது.

நான் அறிந்த குதிரைகளிலேயே பிரசித்தி பெற்ற குதிரைக்கு முகம் கிடையாது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவனுக்கும் கிடையாது. இரண்டு பேருக்கும் முதுகு மட்டும்தான். அந்த நாட்களில் நீங்கள் அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு ரயிலில் போயிருந்தால் அந்த முதுகைப் பார்க்காமல் தப்பித்திருக்க முடியாது. பிளாட்பாரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்பவனுக்குப் பக்கத்தில், சாணித்தாளில் அச்சடித்த கதைப் புத்தகங்களை ஒருவன் அடுக்கி வைத்திருப்பான். எல்லா அட்டையிலும் ஒரு குதிரை, ஒரு தொப்பி, ஒரு முதுகு. அவற்றை எழுதியவர் எங்கள் பாவா.

பாவா என்றால் அக்காவின் புருஷர். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் அப்பாவைக் கூப்பிடுகிற நைனா, இந்தப் பாவா மாதிரிச் சில வார்த்தைகள் தெலுங்கிலிருந்து வந்து வாடகை கொடுக்காமல் குடியிருந்தன. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. தாலுக்கா ஆபீசில் மனுவைத் தெலுங்கில் எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து தமிழில் திட்டுவார்கள். எங்கள் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. வீட்டுக்குள்ளேயே தறி. எனக்குத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் அரை மணிக்குள் கால் மரத்துப் போகும். "இவனுக்குக் காலு நெசவாளி காலு இல்ல" என்று நைனா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதனால் திருத்தணியில் மலையடிவாரத்து அச்சாபீஸ் ஒன்றில் ஈய எழுத்துக் கோக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். கால் மரத்துப் போவது அங்கேயும் நிற்கவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டு மரத்தது, அவ்வளவுதான்.

பாவா மதராஸில் ஒரு வாரப் பத்திரிகையில் படம் போட்டுக்கொண்டிருந்தார். கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடுகிற சிரிப்புப் படக்கதை. ஒரு தொந்திக் கான்ஸ்டபிள், ஒரு ஒல்லித் திருடன். வாராவாரம் திருடன் தப்பித்துவிடுவான். கடைசிக் கட்டத்தில் கான்ஸ்டபிளின் தலைப்பாகை மட்டும் எங்காவது தொங்கும். இதைப் போட்டு ஒரு மனிதர் குடும்பம் நடத்த முடியும் என்று நைனாவுக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. "பத்திரிகை ஆபீஸ்ல உத்தியோகம்" என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் மதராஸில் குண்டு போடப் போகிறான் என்று ஜனங்கள் பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு ஊரைக் காலி செய்த சமயத்தில், பாவாவும் அக்காவும் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு உருட்டிய பாயோடு திருத்தணி ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். ஜட்கா ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு ஒன்று பிடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் பத்திரிகையிலிருந்து தகவல் வந்தது. இனிமேல் படம் வேண்டாம். படத்தை அச்சடிக்க வேண்டுமானால் அதை முதலில் துத்தநாகத் தகட்டில் திராவகம் விட்டு அரித்து பிளாக் செய்ய வேண்டும். துத்தநாகம் முழுக்க யுத்தத்துக்குப் போய்விட்டது. காகிதத்துக்கும் கட்டுப்பாடு. யுத்தம் முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பாவா வேறு எந்த வேலையும் தெரியாதவர். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஜட்காக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் அச்சாபீஸில் தினமும் கழித்துப் போடுகிற காகிதங்களை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் முழுக்கக் குதிரை வரைவார். குறிப்பாக ஒரு செந்நிறப் பெட்டைக் குதிரை. அதன் பெயர் ராணி. அது காதர் பாயுடையது. காதர் பாய் நெடுநெடுவென்று உயரம். தாடி வைத்திருப்பார், தலையில் துண்டு, கரகரத்த குரல். சிரித்தால் ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்ப்பார். சாமி கும்பிட வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் வரை கொண்டுபோய் விடுகிறவர். "ஐயரே, நம்ம ராணிய மெலிசா போட்ருக்கீங்க, கொஞ்சம் தீனி போடுங்க" என்பார். பாவா ஐயர் இல்லை. படம் போடுகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று காதர் பாய்க்குத் தெரியவில்லை.

எங்கள் அச்சாபீஸ் முதலாளி காவடிச் சிந்து, பஜனைப் பாட்டு, தலபுராணச் சுருக்கம் எல்லாம் போட்டு மலையடியில் விற்பவர். அவரிடம் பாவாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளாக்குக்கு வழியில்லை என்று அவருக்கும் தெரியும். கடைசியில், "படம் வோணாம்யா. படத்துல இன்னா நடக்குதோ அத எழுதிக் குடு, போட்றேன்" என்றார்.

பாவாவுக்கு வந்ததே கோபம்! வழியெல்லாம் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "யுத்தம் முடியற வரைக்கும்தாண்டா. பிளாக் வரட்டும், அப்புறம் பாரு" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தப் "பிளாக் வரட்டும்" என் காதில் விழுந்தது. அவருடைய ஆசையெல்லாம் அந்த ஒன்றில் இருந்தது. தன் படம் மறுபடி ஒரு தடவை அச்சாகி, ஜனங்கள் கையில் போவதைப் பார்க்க வேண்டும்.

எழுதுவது சரி, எதை எழுதுவது? இங்கேதான் வேர்க்கடலை வருகிறது. வறுத்த கடலை வாசனையை முகர்ந்தால் இப்போதும் எனக்கு அந்தப் பிளாட்பாரம் ஞாபகம் வரும். அரக்கோணம் பக்கம் விமான தளம் போட்டிருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் படித்துவிட்டு எறிந்த வண்ணப் படப் புத்தகங்கள் பழைய காகிதமாகக் கடலைக்காரர்களிடம் வந்து சேரும். காலணாவுக்குக் கடலை வாங்கினால் பொட்டலத்தைப் பிரித்ததும் உள்ளே தொப்பி வைத்த ஒருவன் குதிரையில் பாய்ந்துகொண்டிருப்பான். பாறை, முள்செடி, புழுதி. பாவா முதல் பொட்டலத்தைப் பிரித்துவிட்டுக் கடலையைக் கீழே கொட்டிவிட்டார். கட்டம் கட்டமாகப் படம்! அவருடைய தொழில்!

ஆனால் ஒரு பொட்டலத்துக்கு அரைப் பக்கம்தான். தொப்பிக்காரன் துப்பாக்கியை உருவுவான். அத்தோடு கிழிந்திருக்கும். சுட்டானா, சுடப்பட்டானா என்பது வேறு யாருடைய கடலையிலோ இருக்கும். பாவா பிளாட்பாரத்தில் கடலை தின்கிற மனிதர்களிடம் போய், "ஐயா, அந்தக் காயிதத்தக் கொஞ்சம் காட்றீங்களா" என்று கேட்பார். சிலர் பயந்து பொட்டலத்தையே கொடுத்துவிடுவார்கள். இப்படிப் பொறுக்கியும் ஒரு கதைகூட முழுசாகக் கிடைக்கவில்லை. எழுத்தோ இங்கிலீஷ். அதனால் முன்னும் பின்னும் அவரே கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படி அரையும் குறையுமான பொட்டலங்களிலிருந்து புறப்பட்டு வந்தவன்தான் செங்குதிரைக்காரன்.

அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. கதை நடப்பது அமெரிக்கா என்றும் போடவில்லை. முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அமெரிக்கா கிமெரிக்கானு போட்டியானா யுத்த சமாச்சாரம்னு போலீஸ்காரன் வந்து குந்திக்குவான்." அதனால் எல்லாக் கதையும் "மேற்கே ஒரு தேசத்தில்" என்று ஆரம்பிக்கும்.

அந்தத் தேசத்தில் நடந்த கூத்துகளைச் சொன்னால் நேரம் போதாது. படங்களில் ஒருவன் நெஞ்சில் நட்சத்திர வில்லை குத்திக்கொண்டு எல்லோரையும் அதட்டுவான். பாவா பார்த்த வரையில் மார்பில் வில்லை மாட்டுகிறவன் தாலுக்கா ஆபீஸ் டவாலிச் சேவகன்தான். ஆகவே முதல் நாலைந்து நாவல்களில் ஒரு டவாலிச் சேவகன் இடுப்பில் துப்பாக்கியோடு ஊரையே ஆண்டான். திருத்தணித் தாலுக்கா ஆபீஸ் சேவகர்கள் அந்தப் புத்தகங்களைச் சொல்லி வைத்து வாங்கினார்கள். அப்புறம் அந்தப் பாதிக் கதவு. சாராயக் கடை வாசலில் மேலும் கீழும் இல்லாமல் நடுவில் மட்டும் ஆடுமே, அந்தக் கதவு. மரம் கிடைக்காத வறண்ட ஊர், முழுக் கதவு செய்யக் கட்டுப்படியாகவில்லை என்று எழுதிவிட்டார். உள்ளே போன செங்குதிரைக்காரன் கட்டைவிரலால் கோலியை அழுத்திச் சோடா குடிப்பான். வறண்ட ஆற்றில் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுப்பான். நந்தியாற்றில் நாங்கள் எடுப்பது போலத்தான். அன்னிய வீட்டுக்குள் நுழையுமுன் காலைக் கழுவுவான். எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. நானும் அப்படியே எழுத்துக் கோத்தேன்.

பாவா எழுதுகிற முறையைச் சொல்ல வேண்டும். நேராக எழுத அவருக்கு வராது. ஒரு பள்ளிக்கூடத்துப் பலகை வைத்திருந்தார். சிலேட்டுப் பலகைதான். அதில் பலப்பத்தால் முதலில் காட்சியை வரைவார். குதிரை எங்கே, பாறை எங்கே, வெயில் எந்தப் பக்கம், எல்லாம் போட்டுவிட்டு, பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு, அதில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். எழுதி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த காட்சி. காலையில் வேலைக்குப் போகிற வழியில் எழுதின தாள்களை வாங்கப் போவேன். சில நாள் துடைக்காத படம் இருக்கும். அம்மாடி, என்ன படம்! தூசி பறப்பதுகூடத் தெரியும். "தொடைக்காதீங்க பாவா" என்பேன். "வேற பலகை வாங்க அக்காவக் கேளு" என்பார், துடைத்துக்கொண்டே. அக்கா உள்ளிருந்து, "ஆங், அடுத்தது செவுரு பூரா எழுதட்டும், வீட்டுக்காரன் வந்து நம்மள வெளிய தள்ளட்டும்" என்பாள்.

அந்தப் பலகையில் செங்குதிரைக்காரனுக்கு முகம் உண்டு. அது வந்த கதை இது. ஒரு நாள் சாயங்காலம் பட்டாளத்து ரயில் ஒன்று சிக்னல் கிடைக்காமல் எங்கள் ஸ்டேஷனில் நின்றது. பாவா பெஞ்சியில் உட்கார்ந்து ராணியை வரைந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஜன்னலிலிருந்து ஒரு வெள்ளைச் சிப்பாய் கையைத் தட்டிக் கூப்பிட்டான். இருபது வயசு இருந்தால் அதிகம். மூக்கிலும் கன்னத்திலும் கேழ்வரகு மாவு தெளித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். வெளிறின கண். முன்பல் ஒன்றின் மூலை உடைந்திருந்தது. தன்னைக் காட்டி, காகிதத்தைக் காட்டி, என்னை வரை என்று ஜாடை செய்தான்.

பாவா ஜன்னலுக்குக் கீழே நின்று வரைந்தார். அவன் அசையாமல் இருந்தான். பின்னாலிருந்தவர்கள் கேலி செய்தபோதும் அசையவில்லை. எஞ்சின் ஊதியது. பாவா ஓடிக்கொண்டே கடைசிக் கோட்டைப் போட்டு நீட்டினார். அவன் வாங்கிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப் பையைத் துழாவி ஒரு பாதிப் பென்சிலை எடுத்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கொடுத்தான். அவ்வளவுதான். ரயில் போய்விட்டது. பர்மாப் பக்கம் போகிறார்கள் என்று போர்ட்டர் சொன்னார்.

"பேரு இன்னானு கேக்கலியேடா" என்றார் பாவா. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா மறுநாள் சொன்னாள். அந்த வாரத்திலிருந்து பலகையில் குதிரை மேல் அந்தப் பையன் உட்கார்ந்துகொண்டான். புள்ளிகள், வெளிறின கண், உடைந்த பல். எழுத்தில் இது எதுவும் வராது. முகத்தை எழுத பாவாவுக்கு மனசில்லை. "அது பிளாக்குக்கு" என்று எடுத்து வைத்துவிட்டார்.

இதற்கிடையில் புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. மாதம் ஒன்று என்பது இரண்டாயிற்று. பொதட்டூர்பேட்டையில் எங்கள் பக்கத்துத் தெரு ஏகாம்பரம் தறிக்கொட்டகையில் ஒருத்தரைச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு நெய்வார். சண்டை வருகிற இடத்தில் எல்லாத் தறியும் நின்றுவிடும் என்று நைனா குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த புத்தகம் எப்போது என்று முதலில் கேட்பவரும் அவர்தான். செங்குதிரைக்காரன் நல்ல கறுப்பு, முறுக்கின மீசை என்பது ஏகாம்பரத்தின் தீர்மானம். மேற்கே தேசம் என்றால் பள்ளிப்பட்டைத் தாண்டி, சித்தூரைத் தாண்டி, மொட்டைப் பாறைகள் இருக்கிற சீமை. அங்கே அவனைத் தன் மாமனார் பார்த்திருக்கிறாராம்! ஜட்கா ஸ்டாண்டில் ரயில் தாமதமானால் நான்தான் படிக்க வேண்டும். குதிரை ராணிதான் என்று காதர் பாய்க்கு முதல் புத்தகத்திலேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் மேலே உட்கார்ந்திருப்பவன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. செங்குதிரைக்காரன் அடிபட்டு விழுகிற இடத்தில் தன் தோளைத் தடவிக்கொள்வார். நானும் அவர் எதிரில் படித்துப் படித்து, அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும்போது அவன் பேசுகிற இடமெல்லாம் எனக்குக் காதர் பாய் குரலில் கேட்கும்.

யுத்தம் முடிந்தும் துத்தநாகம் உடனே வரவில்லை. வந்தபோது முதலாளியே பாவாவைக் கூப்பிட்டு, "ஆடிக் கிருத்திகைக்குப் புது புக்கு. அட்டைல படம். நீயே போடு" என்றார். பாவா அன்று வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தார். அந்தப் பாதிப் பென்சிலை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தார். அதுவரை அதைச் சீவக்கூட இல்லை. பல நாள் வரைந்து, கிழித்து, வரைந்து, பிளாக் செய்ய மதராஸுக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். கல்யாணத்தின்போதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு களை இல்லை என்றாள் அக்கா.

நினைத்துப் பாருங்கள், அது எந்த வருஷம் என்று. ஆடிக் கிருத்திகையும் சுதந்திரமும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்த வருஷம். மலையடியில் சரவணப் பொய்கைப் பக்கம் எங்கள் கடை. காவடியும் பூவும் கூட்டமும் அரோகராவும். பாவா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கடையில் நின்றார். அட்டை முழுக்கப் படம். செங்குதிரை பாறை மேல் முன்காலைத் தூக்கி நிற்கிறது. மேலே அந்தப் பையன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒவ்வொரு புள்ளியும் அச்சில் விழுந்திருந்தது. உடைந்த பல்லும்.

முதலில் வந்தவர் ஏகாம்பரம். மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார். புத்தகத்தைக் கையில் வாங்கினார்.

"இன்னாபா இது? எவனோ வெள்ளக்காரன் குந்திகினு கீறான்?"

"அவன்தாங்க செங்குதிரைக்காரன்" என்றார் பாவா.

"யோவ், வெளையாடாத. அடுத்த வாரம் கொடி ஏத்தப் போறோம். அவனுங்களே மூட்ட கட்டிகினு போறானுங்கோ. இப்பப் போயி இவனத் தூக்கி நம்ம குதிர மேல வைக்கிறியே?"

"அவன் அமெரிக்காக்காரங்க. ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். நான்தான் எழுதினேன், எனக்குத் தெரியாதா?"

ஏகாம்பரம் பாவாவை மேலும் கீழும் பார்த்தார். "நீ எழுதியிருப்ப. ஆனா உனக்கு அவரத் தெரியாதுபா" என்று புத்தகத்தைக் கடையில் போட்டுவிட்டுப் போனார்.

கூட்டத்தில் சிரித்தவர்கள் உண்டு, திட்டினவர்கள் உண்டு. வாங்கினவர்கள் சிலர் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து கொடுத்தார்கள். அதையெல்லாம் பாவா தாங்கிக்கொண்டார். மத்தியானம் சவாரி இறக்கிவிட்டுக் காதர் பாய் வந்தார். படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். அவர் ஒன்றும் கோபப்படவில்லை.

"குதிர நம்ம ராணிதான், அச்சா அப்படியே இருக்குது. மேல இருக்கறவன் நம்ம ஆளு இல்லியே ஐயரே" என்றார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் பாவா கீழே உட்கார்ந்தார்.

முதலாளி யோசிக்கவே இல்லை. "அட்டையக் கிழிங்கடா. மொட்டையா விக்கலாம்" என்றார். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து கிழித்தோம். கொஞ்ச நேரத்தில் பாவாவும் வந்து எங்களோடு உட்கார்ந்தார். நாங்கள் சர் சர்ரென்று கிழிக்க, அவர் மட்டும் தையலை ஒட்டி மெதுவாகப் பிரித்து, முகம் உள்பக்கமாக வருகிற மாதிரி மடித்து மடித்து வைத்தார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போவது போல வெளியே போய்விட்டேன். அட்டை இல்லாத புத்தகம் சாயங்காலத்துக்குள் எல்லாம் விற்றது.

கிழித்த அட்டைகள் எங்கே போயிருக்கும்? வேறெங்கே! ஒரு வாரம் கழித்துப் பாவாவும் நானும் ஸ்டேஷனில் நின்றிருந்தோம். பழக்க தோஷத்தில் அவர் கடலை வாங்கினார். பிரித்தால், மூக்குக்குக் கீழே பாதி முகம். உடைந்த பல்லோடு சிரிக்கிறது. பாவா இன்னொரு பொட்டலம் வாங்கினார். குதிரைக் கால். இன்னொன்று. பாறை. கடலைக்காரர் மூங்கில் தட்டு காலியாகிற வரை வாங்கினார். கண்ணும் நெற்றியும் இருக்கிற பாதி கிடைக்கவே இல்லை. இரண்டு பேரும் வேட்டி மடி நிறையக் கடலையோடு வீட்டுக்குப் போனோம். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பானையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஊருக்குக் காட்டணும்னு நெனச்சேன்டா. அவன் திரும்பிப் போனானோ இல்லியோ. இங்க ஒரு தடவ வந்தான்னு நாலு பேரு பார்க்கட்டும்னுதான்" என்றார் பாவா. அப்போதுதான் அந்த அட்டை அவருக்கு என்னவாக இருந்தது என்று எனக்கு முழுசாக விளங்கியது.

அப்புறம் அவர் எழுதவில்லை. பலகை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். ஒன்று, கறுப்பாக மீசையோடு போடு. இல்லாவிட்டால் படமே வேண்டாம், எழுது போதும். பாவா இரண்டுக்கும் முடியாது என்று தலையை ஆட்டினார். "கறுப்பா போட்டா அது அவன் இல்ல." முதலாளி கெஞ்சினார், கத்தினார். உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"இன்னாங்க, மூஞ்சிதானே தகராறு? அவன அந்தாண்ட திருப்பி உக்கார வச்சிடுங்க. யாருக்கு யாரு வேணுமோ பாத்துக்கட்டும்."

முதலாளி வாயைப் பிளந்தார். பாவா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலகையை எடுத்தார். பலப்பம் கீச்சிட்டது. குதிரையின் பின்பக்கம், வால், நீளத் தொப்பி, அகலமான முதுகு. பாறைகளைப் பார்த்து ஒருவன் போய்க்கொண்டிருக்கிறான். யார் என்று தெரியாது. அந்தப் பலகையை நான் அப்படியே தூக்கிக்கொண்டு அச்சாபீஸுக்கு ஓடினேன்.

புது அட்டையைப் பார்த்து ஏகாம்பரம், "ஆங், இவருதான். இப்பதான் சரியாப் போட்டுகினு கீற" என்று பாவாவின் தோளில் தட்டினார். காதர் பாய் அதை வண்டிக்குள் ஒட்டி வைத்துக்கொண்டார். சவாரிக்காரர்களிடம் அந்த முதுகைக் காட்டித் தன் முதுகையும் காட்டுவார். எல்லோருக்கும் சந்தோஷம். பாவாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

அதற்கப்புறம் எத்தனை நாவல் எழுதினார் என்று அவருக்கே கணக்கில்லை. திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எழுதினார். தலை நரைத்து, கை நடுங்கும்போதும் எழுதினார். எல்லா அட்டையிலும் அதே முதுகு. மதராஸில் நாலு பேர் காப்பியடித்து அவர்களும் முதுகு போட்டார்கள். நான் ஒன்றைக் கவனித்தேன். அதற்குப் பின் பலகையில்கூட அவர் முகம் வரையவில்லை. துடைத்துவிடப் போகிற படம்தானே, அதிலும் அவன் அந்தப் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தான்.

கடைசி நாட்களில் ஒரு தடவை கேட்டேன். "அந்தப் பையன் மூஞ்சிய ஒரு தடவ போட்டுக் காட்டுங்க பாவா."

"எதுக்கு? நீதான் ரயிலாண்டயே நின்னு பாத்தியே" என்றார். "நான் போட்டா தொடச்சிடுவேன். நீ வச்சிகினு இரு."

பாவா போய், அக்காவும் போய் வருஷங்களாகிவிட்டன. சாணித்தாள் புத்தகங்கள் தொட்டால் உதிர்கின்றன. உதிர்வதற்குக்கூட இப்போது யாரிடமும் இல்லை. ஜட்கா ஸ்டாண்டில் ஆட்டோக்கள் நிற்கின்றன. அச்சாபீஸ் இருந்த இடத்தில் செராக்ஸ் கடை. கடலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மின்சார ரயிலில் விற்கிறார்கள். பிரித்துப் பார்க்க உள்ளே ஒன்றும் இருப்பதில்லை.

அன்று கல்யாண மண்டபத்து வாசலில் மேளம் தொடங்கியதும் குதிரைக்காரன் குதிரையைத் திருப்பினான். மேலே மாப்பிள்ளை, சின்னப் பையன், பயந்துபோய் லகானை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சட்டென்று பாவா கொடுத்துவிட்டுப் போன முகம் ஞாபகம் வந்தது. அதைப் பார்த்தவர்களில் இருப்பவன் நான் ஒருவன்தானே, பத்திரமாக இருக்கிறதா என்று கண்ணை மூடிப் பார்த்தேன். புள்ளிகள், வெளிறின கண், உடைந்த பல் என்று வார்த்தைகள் எல்லாம் வருகின்றன. ரயில் நிற்கிறது. ஜன்னல் தெரிகிறது. வெளியே நீட்டின கை தெரிகிறது, பாதிப் பென்சில் தெரிகிறது. ஜன்னலுக்குள் காதர் பாய் சிரித்துக்கொண்டிருக்கிறார்.